ரிஃபாம்பிசின் அம்மாள்

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேருமுன் செய்த இரத்தப் பரிசோதனையில், காசநோய்க் கிருமி எனக்குள் உறங்குகிறது என்றார்கள். நோய் இல்லை, ஒருவருக்கும் தொற்றாது. ஆனால் அது எழும்பாமல் இருக்க நாலு மாதம் ரிஃபாம்பிசின் விழுங்க வேண்டும். கிருமி உயிர்வாழத் தன் மரபணுவைப் படியெடுக்கவேண்டுமாம். படியெடுக்கிற நொதியிலேயே போய் இந்த மருந்து ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்குமாம். நல்ல கெட்டிக்கார மருந்துதான். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிடும், அதுதான் கரைச்சல்.

கணவருக்கு அடுத்து மாமிக்கு மட்டும் சொன்னேன். "ஐயோ, கசமோ! வாய் திறந்திடாதை பிள்ளை. என்ர மகளின்ர கலியாணம் குழம்பிப் போடும்" என்று தலையில் கை வைத்தார்.

அந்தக் கலியாணம் குழம்பாதா என்றுதான் மச்சாள் ஏங்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரைப் பிடிக்கேல்லை அண்ணி. அம்மாக்குச் சொன்னாக் காதிலயே விழுத்துறா இல்லை." பாவம், கேட்க எனக்கே பொறுக்கவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் பென்டில் ஹில்லுக்கு, எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கக்கூடாதா? நேரே குசினிக்குள் நுழைந்துவிட்டார். நான் வடைக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்த வெள்ளைத் துணியில் ஆரஞ்சுக் கறை.

"என்ன பிள்ளை இது, கண்ணிலயிருந்து?"

மாமி பாய்ந்து வந்தார். "அது... அம்மாள்! இவவில அம்மாள் வாறவ. அப்ப கண்ணீர் குங்குமமாத்தான் வரும்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஆனால் அந்த மனுசி நம்பிவிட்டார்! கண்கலங்கிக் கைகூப்பி, "தாயே, என்ர மகனுக்கு இந்த வீட்டுப் பிள்ளையைக் கட்டிவைக்கலாமோ?" என்று என்னைக் கேட்டார்.

என் கையில் கத்தி, பாதி வெங்காயம். ஓமெண்டு சொல்லு, சம்மதம் எண்டு சொல்லு என்று மாமி கண்ணை உருட்டினார். அவருக்குப் பின்னால் மச்சாள் வெளிறிப்போய், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்!" என்றேன், அம்மாளுக்கு ஏற்ற குரலில்.

மாமி வாயைத் திறந்தார். அம்மாள் வரவில்லை என்று சொன்னால், கண்ணீருக்குக் காரணம் கசமென்று சொல்லவேண்டும். என்னை முறைத்துப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நீங்களும் கும்பிடுங்கோ" என்றார் வந்தவர்.

மாமி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.