கறுப்பு நாய்க்குப் பன்னிரண்டு நொடி

கறுப்பு நாயைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வெயிலில் எடுக்காதீர்கள். வெயிலில் கறுப்பு நாய் படத்தில் நாயாக விழாது, ஓட்டையாக விழும். யாரோ சுருட்டு நெருப்பால் காகிதத்தைப் பொசுக்கிவிட்ட மாதிரி, நாலு காலுள்ள ஓட்டை. அப்படி மூன்று ஓட்டைகளை எடுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் காவலூர் மலைமேல், நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிற இடத்தில், இருட்டறை வேலை பார்த்தேன். பெரியவர்கள் தொலைநோக்கியில் மாட்டி எடுத்த கண்ணாடித் தட்டுகளை மருந்தில் கழுவித் தருவது என் வேலை. ஆள் குறைந்தால் மேலே தொலைநோக்கிக்கும் கூப்பிடுவார்கள். அங்கே முதல் நாளே சொல்லித் தந்தது ஒன்றுதான்: கேமராவின் கண்ணைத் திறந்தால், குறித்த நேரம் முடியும்வரை மூடாதே. தும்மல் வந்தாலும் சரி, தேள் வந்தாலும் சரி. நட்சத்திரம் நகரும், தொலைநோக்கியும் கூடவே நகரும், கவலை இல்லை. மூன்று வருஷத்தில் இது என் புத்தியில் ஏறியதோ இல்லையோ, விரலில் ஏறிவிட்டது.

எனக்குத் தினமும் பால் ஊற்றிய அக்காவின் வீடு, எங்கள் இடத்துக்குக் கீழே சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. அக்கா என்றால் உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த மலைக்காரி, கணவர் இல்லை. ஒரே மகளை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளுக்கு ஏழாம் மாதம். மலை ஏறக் கூடாது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் பஸ்காரரிடம் சொல்லி அனுப்பியதை அக்கா என்னிடம் வந்து முறையிட்டார்.

"பெத்தவ நானு இங்க ஒருத்தி கீறேன். என்னப் பாக்கணும்னு சொல்லல சார் அது. நாயப் பாக்கணுமாம்! ஒரு படம் புடிச்சிக் குடுங்க."

அந்த நாயோடுதான் மகள் வளர்ந்திருந்தாள். என்னிடம் பன்னிரண்டு படம் எடுக்கிற பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது. வானத்தையே பிடிக்கிறவன், நாய் எம்மாத்திரம் என்று கிளம்பினேன்.

மூன்று ஓட்டைகளுக்குப் பிறகு நிழலுக்கு வந்தேன். நின்றுகொண்டு எடுத்தேன், மேலேயிருந்து பார்த்தால் எந்த நாயும் திருட்டு நாயாகத்தான் தெரியும். கூப்பிட்டேன், வந்து கேமராவை நக்கியது. கூப்பிடாமல் இருந்தேன், வாலைக் காட்டியது. கடைசியில், அதன் கண் உயரத்துக்கு என் கண்ணும் இறங்க வேண்டும் என்று புரிந்து, சாணி மெழுகிய வாசலில் குப்புறப் படுத்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், நாயப் படம் புடிக்கிறீங்களா, நாய்கிட்ட மாப்பு கேக்குறீங்களா?"

பதினொன்று போய்விட்டது. மிச்சம் ஒன்று. அதை வீட்டுக்குள் எடுத்தேன். அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, வாசல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் விழும். கறுப்பு முடியில் அந்த வெளிச்சம் பட்டபோது ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. வெள்ளை மண் பூசிய சுவரோரம் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்காவை அசையாமல் உட்காரச் சொன்னேன். உரல்மேல் பலகை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தேன். இவ்வளவு மங்கலில் பன்னிரண்டு நொடியாவது திறந்து வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தி எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றில் நாய் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தது. தலை அசையவில்லை. ஏழில் எழுந்தது. நடந்துபோய் அக்காவின் காலடியில் படுத்துக்கொண்டது. அக்காவின் கை அதன் தலைக்குப் போனது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். விரலை எடுக்க வேண்டியதுதானே? எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நட்சத்திரத்துக்குக் காட்டிய மரியாதையை நாய்க்கும் காட்டி, பன்னிரண்டு முடிந்த பிறகே கையை எடுத்தேன்.

எனக்கென்று மருந்து கிடையாது, அலுவலக வேலையில் மிஞ்சினால்தான் உண்டு. அதனால் சுருள் கிட்டத்தட்ட ஒரு வாரம் மேஜை டிராயரில் கிடந்தது. ஐந்தாம் நாள் அக்கா பால் இல்லாமல் வெறும் கையோடு வந்தார்.

"கொல்லையில நாய விரியன் புடுங்கிட்ச்சி சார். காலைல புதைச்சிட்டேன்."

நீட்டிய பால் சொம்பைக் கீழே வைத்தேன். அவரே பேசினார்.

"பொண்ணுக்குச் சொல்லல. வவுத்துப் புள்ளக்காரி, தாங்காது. உங்க படத்த அனுப்பிட்டா நாய் நல்லா கீதுன்னு நெனச்சிக்கும். பெத்து எழுந்திரிச்சதும் சொல்லிக்கலாம். படம் நல்லா வந்துகீதா?"

"சூப்பரா வந்திருக்குக்கா" என்றேன், கழுவாத படத்தைப் பற்றி.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு இருட்டறைக்குள் போனேன். வெளியே மலை முழுக்க மூடுபனி. உள்ளே சிவப்பு விளக்கு. கழுவிய சுருளில் பதினொன்று உதவாது என்று பார்த்ததுமே தெரிந்தது. பன்னிரண்டாவதைக் காகிதத்தில் போட்டு மருந்துத் தட்டில் அமிழ்த்தினேன். முதலில் உரல் நிழல் வந்தது. அக்கா வந்தார். சுவர் வந்தது. சுவரில் இருந்த விரிசல் வந்தது. அதற்குப் பிறகு அந்த விரிசலுக்கு மேலே, விரிசலை மறைக்காமல், நாய் வந்தது.

அதன் வயிற்றுக்குள் சுவர் தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே விரிசல் ஓடியது. கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாக, மருந்துக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தன. அக்காவின் காலடியில் இன்னொரு புகை. அதன்மேல் அக்காவின் கை, ஏழெட்டு விரல்களோடு.

இது ஏன் இப்படி வந்தது என்று எனக்கு ஒவ்வொரு நொடியாகத் தெரியும். ஏழு நொடி நாய், ஐந்து நொடி சுவர். வேறு ஒன்றும் இல்லை. இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் பின்னால் சிமெண்டுத் தரையில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது.

நான் திரும்பவில்லை. வீரம் இல்லை, கழுத்து வரவில்லை. குழாய்ச் சொட்டாக இருக்கும் என்று விஞ்ஞானபூர்வமாக முடிவு செய்து, விஞ்ஞானபூர்வமாகக் கதவில் முட்டி, முழங்கையால் தட்டைக் கவிழ்த்து, ஈரப் படத்தோடு வெளியே விழுந்தேன். பெட்டியிலிருந்த நல்ல காகிதம் முழுக்க வெளிச்சம் பட்டு வீணானது. வாசலில் காவல்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், யாராச்சும் தொரத்துறாங்களா?"

படத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவர், சிரிப்பை நிறுத்தி, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தம்மாகிட்ட ரோலு கெட்டுப்போச்சின்னு சொல்லிடுங்க. இது வாணாம்."

நானும் அதே முடிவோடு இறங்கினேன். வழியெல்லாம் ஒத்திகை. ரோல் பழசு, மருந்து மோசம், கேமராவில் தண்ணீர். பனிக்குள் பின்னால் ஏதோ நடந்து வருகிற மாதிரி இருந்தது. நான் நின்றால் நின்றது. நல்ல வளர்ப்பு.

வாசலில் அக்கா வெறுமனே கையை நீட்டினார். ஒத்திகை பார்த்த மூன்று பொய்யும் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து, எதுவும் வெளியே வரவில்லை. படத்தைக் கொடுத்துவிட்டேன்.

வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"இங்க படுத்துனு கீது" என்று விரலை வைத்தார். விரல் மெதுவாகப் படத்தின் குறுக்கே நகர்ந்தது. "எழுந்திரிச்சி எங்கிட்ட வந்துட்ச்சி."

"தப்பா எடுத்துட்டேன்கா. விரல எடுத்திருக்கணும்."

"பொண்ணுக்கு லெட்டரு எழுதுங்க. எனக்கு எழுத வராது."

"என்னன்னு?"

"எழுந்திரிச்சிப் போய்ட்ச்சின்னு. படத்துல பாருன்னு."

"சொல்ல வேணாம்னீங்களே! இத பாத்தா பயந்துடும்கா. ஏழு மாசம்."

"நீங்கதான் சார் பயந்துனு நிக்கிறீங்க. இத வச்சினு நல்லா கீதுன்னு நா எப்பிடிச் சொல்லுவேன்? பொண்ணுக்குத் தெரியாதா அதோட நாய?"

எழுதினேன். என் எழுத்து கோணிக்கொண்டு போனது. பஸ்காரர் கடிதத்தை எடுத்துப் போன பிறகு இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள்கூடப் பட்டிருக்க மாட்டாள். அடிவாரத்திலிருந்து யார் வந்தாலும் இருட்டறைக்குள் புகுந்துகொள்வேன். அங்கே சத்தம் கேட்டால் வெளியே வந்துவிடுவேன். வாசற்படியில் நிறைய நேரம் கழிந்தது.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். பிறந்த ஐந்தாம் மாதம் மகள் அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து "வாங்கண்ணா" என்றாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காதான் விடவில்லை.

"கொழந்தையயாவது முழுசா எடுப்பீங்களா சார்?"

மகள் சிரித்தாள். குழந்தையோடு உள்ளே போனாள். பின்னாலேயே நானும் போனேன். சுவரோரம் வந்ததும் அவள் கால் தானாக ஒதுங்கி, தூங்குகிற ஒன்றைத் தாண்டாமல் போகிற மாதிரி, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே வெறும் தரைதான்.

நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.