ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள்

மகனின் பள்ளி வேன் வரப் பத்து நிமிடம்தான் தாமதம். போனில் கணவர், "பயப்படாத, எவ்வளவு தூரம் போயிருக்கப் போவுது?" என்றார். அந்தக் கேள்வி என்னைக் கீழப்பழுவூரில் நான் வளர்ந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அக்கா பெரம்பலூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்தாள். அம்மா வாசலில் நின்று பயப்படுவதைக் கேலி செய்து, அடுப்படிக் கதவில் சாக்பீஸால் ஒரு சமனிலிக் கணக்கு எழுதிவைத்திருந்தாள். "தூரம் மாறுற வீதம், அதாவது வகைக்கெழுதாம்மா வேகம். வேகத்துக்கு எல்லை இருந்தா தூரத்துக்கும் இருக்கு. நாப்பதுக்கு மேல ஓட்டாம ஆறு மணிக்கு வூட்டுல இருப்பேன்னா, அஞ்சே முக்காலுக்கு பத்து கிலோமீட்டருக்குள்ளதான் இருந்தாவணும்."

எனக்கு அப்போது பத்து வயது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஒருநாள் அக்கா ஸ்கூட்டியில் அரியலூர் போயிருந்தாள். அஞ்சே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து, "அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஒரு ஸ்கூட்டிய அடிச்சிருச்சாம்" என்றார். அப்பா ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். நான் அடுப்படிக் கதவைக் காட்டினேன்.

"அக்கா ஆறு மணிக்கு வந்துரும்ப்பா. இப்ப பத்து கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கும். அரியலூரு அதுக்கு மேல. அது அக்கா இல்ல."

அப்பா சிரித்துவிட்டுச் சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார். ஆறரைக்குத்தான் கிளம்பினார். ஆஸ்பத்திரியில் அக்கா கடைசிவரை அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கணக்கு சரிதான். ஆறு மணிக்கு வருவாள் என்பதை மட்டும் நான் நடந்து முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தெருமுனையில் வேன் நின்றது. மகன் இறங்கி வந்து, என் காலில் செருப்பையும் கையில் வண்டிச் சாவியையும் பார்த்தான்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"உன்னத் தேடித்தான்" என்றேன்.