மங்கம்மாள் கேட்ட மறைவிடம்

கடுக்காமரத்தூர் சந்தையில் மங்கம்மாளின் குரல் கேட்காத வியாழக்கிழமை கிடையாது. சந்தைத் திடலின் கீழ்க்கோடியில் அவருக்கு ஒரு புளி மண்டி இருந்தது. ஜவ்வாது மலையின் உட்கிராமங்களிலிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் புளி, கடுக்காய், சாமை எல்லாவற்றையும் வாங்கி ஒடுகத்தூருக்கு லாரியில் அனுப்புவார். கீழே இருந்து வரும் வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கேட்டால், "இன்னாய்யா, மலையவே சும்மா தூக்கினு போலாம்னு வந்தியா?" என்று அவர் போடும் சத்தம் பஸ் நிற்கும் இடம் வரை கேட்கும். நாற்பதைத் தாண்டியவர். பெரிய உடம்பு, அதற்கேற்ற பெரிய சிரிப்பு. கணவர் வேடியப்பன் இதற்கு நேர்மாறு. நாள் முழுதும் மூட்டை தைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருக்கக் கூடியவர்.

எழுபதுகளின் கடைசியில் மலைக்குத் தார்ச்சாலை வந்தது. சாலையோடு இரண்டு பஸ் வந்தன. பஸ்ஸைத் தொடர்ந்து கடைகள் வந்தன. ஒருவர் கடை வாசலில் இன்னொருவர் அடுப்பு வைத்தார். பஸ் திரும்புவதற்குக்கூட இடமில்லாமல் போயிற்று. ஊர் இப்படியே கோணல்மாணலாக வளர்ந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் கடுக்காமரத்தூருக்கு ஒரு நகரமைப்புக் குழுவை ஏற்படுத்தியது. ஊரார் அதை 'போர்டு' என்றார்கள். ஓட்டு வீடுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம், இதில் நகரம் எங்கே இருக்கிறது என்று சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள்.

போர்டின் தலைவராக மளிகைக் கடை கோபால்சாமி அமர்ந்தார். நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: சந்தை நடுவில் ஒரு மணிக்கூண்டு. வேலூரில் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் அந்த ஆசை. டீக்கடை முனிசாமி ஓர் உறுப்பினர். படம் வரைந்து, அளவெடுத்து, வேலையை மேற்பார்க்க தேவராஜ் என்ற அதிகாரி கலசப்பாக்கத்திலிருந்து வந்து போவார். உறுப்பினர்களில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். கோபால்சாமி நேராகப் புளி மண்டிக்கு வந்தார்.

"நான் வந்தா பேசுவேன், தலைவரே. பேச்ச நிறுத்தும்மான்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார் மங்கம்மாள்.

"நீ பேசுறதுக்குத்தானம்மா கூப்புடுறேன்."

கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில், உர மூட்டைகளுக்கு நடுவே போர்டு கூடியது. முதல் வேலையாகச் சாலையின் இரு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட முடிவாயிற்று. கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் உள்ளே போக வேண்டும். தேவராஜ் கயிறு பிடித்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தால், அது முனிசாமியின் டீ அடுப்பைச் சரிபாதியாகப் பிளந்துகொண்டு போனது. போர்டு உறுப்பினராயிற்றே, முனிசாமியால் வாய் திறக்க முடியவில்லை. மங்கம்மாள்தான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வேலையைக் கொண்டுவந்ததே அவர்தான். திடலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர் மண்டிக்கிடந்தது. அவருடைய மண்டிக்குள் இரண்டு முறை பாம்பு வந்துவிட்டது. "மொதல்ல அந்தப் பொதர வெட்டுங்க. பாம்புக்கு வூடு கட்டிக் குடுக்கவா போர்டு வச்சிருக்குது?" என்று மேசையைத் தட்டினார். மறுவாரமே ஆட்கள் வந்தார்கள். வெட்டி, குவித்து, கொளுத்தினார்கள். திடல் பளிச்சென்று ஆயிற்று. கோபால்சாமி அகமகிழ்ந்து, "இப்பத்தான் டவுன் மாதிரி இருக்குது" என்றார். மங்கம்மாளுக்கும் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த வெட்டவெளியைக் காட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை குப்பம்மா வந்தார். மலையின் மறுபக்கத்திலிருந்து விடியலுக்கு முன்பே புறப்பட்டு, காட்டு வழியே புளிக்கூடையோடு நடந்து வருகிறவர். மங்கம்மாளுக்குப் பல வருடப் பழக்கம். கூடையை இறக்கினார், திரும்பிப் பின்பக்கம் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, பொதர் எங்க?"

"வெட்டியாச்சு. நான்தான் சொன்னேன்! எப்படி இருக்குது பாரு!"

குப்பம்மாவோடு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. நாங்க இனிமே எங்க போறது?" என்றார் குப்பம்மா.

மங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய வீடு மண்டிக்குப் பக்கத்துத் தெருவில். அவருக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. மலையிலிருந்து வருகிற பெண்களோ காலை முதல் கடைசி வியாபாரம் முடியும் வரை சந்தையில்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு இருந்த ஒரே மறைவு அந்தப் புதர்தான். அன்று முழுக்கப் பெண்கள் வந்து வந்து அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள். "உங்க போர்டு டவுனு கட்டுதோ இன்னாவோ, எங்க மானத்த வாங்குது" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். சந்தையில் அன்று அவர் குரல் எழும்பாததைப் பார்த்து, உடம்பு சரியில்லையோ என்று முனிசாமி விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வேடியப்பனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கூட்டத்துல சொல்லு" என்றார் வேடியப்பன்.

"எப்படி மாமா சொல்றது? எல்லாம் ஆம்பளைங்க. அந்த வார்த்தைய எப்படி வாய்விட்டுச் சொல்றது?"

"சந்தையில நீ சொல்லாத வார்த்தையா?"

"அது வியாபாரம். இது வேற."

வேடியப்பன் மூட்டை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் தலைவர்னு வச்சிக்கோ. சொல்லு பாப்போம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மங்கம்மாள் எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார், அதற்குமேல் போக முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேடியப்பனும் சிரித்தார். அவர்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டது அபூர்வம்.

அடுத்த கூட்டத்தில் மணிக்கூண்டைப் பற்றிய பேச்சு. தேவராஜ் அழகாகப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். கோபால்சாமி அதை மேசையில் விரித்து, தடவித் தடவிப் பார்த்தார்.

மங்கம்மாள் எழுந்தார். "தலைவரே, சந்தைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஒண்ணு கட்டணும்."

"கட்டலாம். இன்னா கட்டணும்?"

"ஒரு... ஒரு எடம்."

"தங்கறதுக்கா?"

"தங்கறதுக்கு இல்ல. போனா ஒடனே வந்துருவாங்க."

"கோயிலா?" என்றார் முனிசாமி.

"அட, கோயில் இல்லய்யா!"

"பால்வாடியா? தையல் கிளாஸா?" கோபால்சாமி உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். மங்கம்மாளின் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஒடுகத்தூர் வியாபாரியிடம் பேசுகிற குரலில், "கக்கூஸு!" என்றார்.

வெளியே உரம் வாங்க நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முனிசாமிதான் மெல்ல, "அதுக்கு எதுக்கு கட்டடம்? காடு இருக்குதே" என்றார்.

"எங்கய்யா இருக்குது காடு? நாமதான வெட்டுனோம்! வெட்டச் சொன்னவளே நான்தான். ஒரு வாரமா எல்லாப் பொம்பளைங்க கிட்டயும் திட்டு வாங்கினு இருக்கேன்."

கோபால்சாமி தலை குனிந்துகொண்டார். அவர் மனைவியின் தங்கையும் மலையின் உட்கிராமம் ஒன்றில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். மணிக்கூண்டுப் படத்தை நிதானமாகச் சுருட்டினார். "இது அப்பறம் ஆவட்டும். அம்மா சொல்றதுதான் மொதல்ல" என்றார். தேவராஜ் உடனே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஒருவர்கூட மறுப்புச் சொல்லாமல் தீர்மானம் நிறைவேறியது.

எங்கே கட்டுவது என்று கேட்டபோதுதான் வம்பு பிறந்தது. தன் கடைக்குப் பக்கத்தில் வந்தால் எவன் டீ குடிப்பான் என்றார் முனிசாமி. மாரியம்மன் கோயில் பக்கம் கூடவே கூடாது என்றார் கோபால்சாமி. சங்கத்துக் கிடங்கின் பின்புறம் சரியான இடம் என்று மங்கம்மாள் கையைக் காட்ட, சங்கத்துக்காரர்கள் எதிர்த்துக் கொடி பிடிக்காத குறை. தேவராஜ் எல்லோர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மட்டம் பார்க்கும் தன் கருவியை முக்காலியில் நிறுத்தி, திடலின் மேடு பள்ளமெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

"கிணறு மேலே இருக்குது. அதுக்கு மேற்புறம் எங்கே கட்டினாலும் தண்ணி கெட்டுப்போகும். சரிவுக்குக் கீழே, ஆள் நடமாட்டம் ஓரளவு இருக்கிற இடமாப் பார்த்தா, ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

"எது சார்?"

"உங்க மண்டிக்குப் பின்னாலேம்மா."

மங்கம்மாள் துள்ளி எழுந்தார். "என் புளி இன்னா ஆவறது? ஒடுகத்தூர்க்காரன் மோந்து பாத்து வாங்குறவன் சார்!" முனிசாமி சிரிப்பை அடக்க மேசைக்கடியில் குனிந்தார். அன்று மங்கம்மாள் கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவே இல்லை. தேவராஜ் மண்டிப் பக்கம் வந்தால் புளிமூட்டைக்குப் பின்னால் போய் எதையோ தேடுவது போல நின்றுகொள்வார். தான் கேட்டது கிடைக்கப்போகிறது என்று தெரிந்தும், அது தன் மண்டிக் கொல்லையில் வருகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது சித்திரை வெயில் ஏறிவிட்டது. ஒரு சந்தை நாளில், எடை போட நின்றிருந்த குப்பம்மா தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கண் இருண்டு வந்தது. மங்கம்மாள் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குப்பம்மா சொம்பைத் தள்ளினார்.

"வேணாங்க்கா."

"நாக்கு ஒட்டினு இருக்குது, வேணாங்கிறியே?"

"இப்ப குடிச்சா அப்பறம் எங்க போறது? கெளம்புறப்பவே குடிக்காமத்தான் வந்தேன். பொதர் போனதுல இருந்து யாருமே குடிக்கிறதில்லக்கா. வூட்டுக்குப் போய்த்தான் தண்ணி."

மங்கம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். வெயிலில் கூடைகளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் உதடுகள் எல்லாம் வெடித்துக்கிடந்தன. இத்தனை வாரமாக இதைப் பார்க்காமல் புளியின் வாசனையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். குப்பம்மாவைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், கூழும் மோருமாகக் குடிக்க வைத்துப் படுக்கச் சொன்னார். மற்ற பெண்களிடம், "கட்டி முடிக்கிற வரைக்கும் என் வூட்டுக் கொல்லைக்கு வாங்க. யாரும் கேக்க வேணாம், கதவு தெறந்தே இருக்கும்" என்றார். பிறகு தேவராஜைத் தேடிச் சங்கத்துக் கிடங்குக்குப் போனார்.

"சார், கயிறு எடுத்துனு வாங்க."

"எதுக்கும்மா?"

"என் மண்டிக்குப் பின்னால அளக்கறதுக்கு. ஆனா ஒண்ணு, செவுரு ஒசரமா இருக்கணும். கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் வேணும். தண்ணித்தொட்டி வேணும்."

"எல்லாம் படத்துல இருக்குதும்மா" என்று தேவராஜ் சிரித்தார்.

வேலை தொடங்கியதும் மங்கம்மாள் கொத்தனார்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சுவர் எழும்ப எழும்ப, வேடியப்பனைக் கூப்பிட்டு வெளியே நிற்கவைத்து, எட்டிப் பார்க்கச் சொல்லுவார். உள்ளே நிற்கும் தனக்கு அவர் தலை தெரிந்தால் இன்னொரு வரிசைக் கல். கதவுகள் ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸின் மேல் ஏறி வந்தன. தச்சர் அவற்றை மாட்டிவிட்டுப் போன பிறகு பார்த்தால், தாழ்ப்பாள் அத்தனையும் வெளிப்பக்கம்! மங்கம்மாள் அவரைப் பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துவிட்டார். "உள்ள போனவள வெளிய நின்னு பூட்டுறதுக்கா செஞ்ச? இது கக்கூஸா, ஜெயிலா?" தச்சர் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

போர்டு கட்டிய முதல் கட்டடம் என்பதால் கோபால்சாமி அதைச் சிறப்பாகத் திறந்துவைக்க நினைத்தார். மாவிலைத் தோரணம், வாசலின் குறுக்கே ரிப்பன், மேளம் எல்லாம் ஏற்பாடாயிற்று. கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை, பெண்கள் தண்ணீர் குடித்துவிட்டே சந்தைக்கு வந்திருந்தார்கள். அதிகாரியின் ஜீப்தான் வரவில்லை. வெயில் ஏறியது. மேளக்காரர்கள் ஒரு சுற்று வாசித்து ஓய்ந்து, மறுபடியும் வாசித்தார்கள். பெண்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கம்மா" என்று கோபால்சாமி கெஞ்சினார்.

"ஐயா பொறுத்துக்குவாரு. எங்களால முடியாது" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா குனிந்து ரிப்பனுக்கு அடியில் புகுந்து உள்ளே போனார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, சரியாக அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டினார். சந்தையே சிரித்தது. கோபால்சாமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தடுத்துப் பெண்கள் முண்டியதில் ரிப்பன் அறுந்துபோனது. அதிகாரி வந்தபோது வாசலில் வரிசை நின்றது. அவர் அறுந்துகிடந்த ரிப்பனைப் பார்த்துவிட்டு, நிலைமை புரிந்தவராய், முனிசாமி கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

கழுவிவிடுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட மேலிடத்தின் அனுமதி வர வேண்டியிருந்தது. அதுவரை மங்கம்மாளும் குப்பம்மாவுமே துடைப்பத்தை எடுத்தார்கள். ஒரு நாள் கோபால்சாமி அதைப் பார்த்துவிட்டு, தானே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து ஊற்றினார். மறுநாளே அனுமதி கேட்டுக் கலசப்பாக்கத்துக்கு நேரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆள் போடும் உத்தரவை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். மங்கம்மாள் பயந்தது போல நாற்றம் மண்டிப் பக்கம் வரவே இல்லை. ஒடுகத்தூர் வியாபாரிகள் புளியை மோந்து பார்த்தார்கள், வழக்கம்போல விலையைக் குறைத்துக் கேட்டார்கள், வழக்கம்போலத் திட்டு வாங்கினார்கள்.

பலன் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. மலைப் பெண்கள் சந்தையில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள். தண்ணீரோடு நிற்கவில்லை, டீயும் குடித்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த முனிசாமி கடையில் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு வந்தது, பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது பெஞ்சின் காலொன்று சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதாக ஒரு கூட்டத்தில் புகார் வந்தபோது, மங்கம்மாள் எழுந்து, "அது இருந்துட்டுப் போவட்டும், விடுங்க" என்றார்.

அவர் அதன்பின் பல வருடங்கள் போர்டில் இருந்தார். கூட்டங்களில் அவர் பேசுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நிறுத்தியிருக்கப் போவதில்லை.