உருமன் வந்த நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டின் இரும்பு வார்ப்புப் பட்டறைகளில் அரக்கர்கள் மூன்று தலைமுறையாக வேலை செய்கிறார்கள். பச்சை பாய்ந்த உடம்பு, கீழ்த்தாடையிலிருந்து மேலேறிய கோரைப்பற்கள். உலைச் சூட்டைத் தாங்க அவர்களை விட்டால் ஆளில்லை. அவர்களுடைய மொழியை முனைவர் பட்டத்துக்காக ஆராய வந்த ஹேமாவதியிடம் வாய் திறந்து பேசியவன் உருமன் ஒருவன்தான்.

ஷிப்டு முடிந்ததும் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவான். உருகிய இரும்பின் நிறத்துக்கு மட்டும் அவர்களிடம் பதினோரு சொற்கள் இருந்தன. அவள் தப்பும் தவறுமாக உச்சரிக்க, அவன் கடையே அதிரச் சிரிப்பான்.

"இன்னா மேடம், எழுதிக்கினே கீறீங்க? டீ ஆறுது பாரு."

ஒரு மழைநாளில் பாடி மேம்பாலத்தின் கீழே இடுப்பளவு தண்ணீர். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தான்.

"தண்ணி தாண்டியாச்சு. எறங்கு."

"தெரியும்," என்றாள். இறங்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அவள் ஹேமா.

இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. அரைநாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு வந்து நின்றான் உருமன். தேர்வு முடிந்து ஹேமாவதி வெளியே வந்தபோது, அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்தாள். "யாருடி இது?"

"ஆராய்ச்சிக்குத் தகவல் கொடுத்தவர்மா."

உருமன் கைகூப்பினான். "மேடம் ரொம்ப கஷ்டப்பட்டு படிச்சாங்கம்மா." எல்லோருக்கும் கொடுத்த கேசரியைத் தானும் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனான்.

மறுநாள் பட்டறை வாசலில் அவள் அழுதாள்.

"கோவமெல்லாம் இல்ல ஹேமா. நீ பயந்துட்ட. நானுந்தான் பயந்துகினு வந்தேன். ஆனா வந்தேன்ல?"

அந்த மாதமே காக்களூரில் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். அவளுக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஏதோ காரணம் சொல்லி அனுப்பினாள். ஆய்வு புத்தகமாக வர ஆறு வருடமானது. அதை எடுத்துக்கொண்டு அண்ணனூரில் ரயிலேறிக் காக்களூருக்குப் போய், விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

கதவைத் திறந்தவள் அவன் மனைவி, அரக்கர் குலத்துப் பெண். "உங்களப் பத்தி சொல்லிக்கீறாரு, பெரிய படிப்பு படிச்சவங்கன்னு. இப்போ வந்துருவாரு, குந்துங்க."

"ரயிலுக்கு நேரமாச்சு," என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினாள் ஹேமாவதி.

ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.