திறக்காத பக்கமும் எங்கள் லயத்துக்கு வழியும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நடந்தது இது. காலை வேளை. அம்மா அன்று காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை, கொழுந்து எடுக்கவும் போகவில்லை. காரணம், எனக்கு நேர்முகத் தேர்வு.

லயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன நேர்முகத் தேர்வு என்று கேட்காதீர்கள். பதுளையில் கணினிப் படிப்பை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அது கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போய் ஏதாவது ஒரு கடையில் நிற்பது என்று முடிவாகியிருந்தது. அப்பா இல்லை. மழைக்காலம் வந்தால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். அவரைத் தனியாக விட்டுப் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

தேர்வுக்காக ஒரு டேஷ்போர்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். கணக்குகளை வரைபடமாகக் காட்டும் வலைப்பக்கம்தான் அது. மழை நாட்களில் கொழுந்தின் எடை எப்படி மாறுகிறது என்று நான் செய்தேன். எடை எல்லாம் அம்மா மலையிலிருந்து வந்து தினமும் சொன்னது. என் பழைய லேப்டாப்பில் அது ஜம்மென்று ஓடியது. ஆனால் அவர்களோ இணையத்தில் உள்ள நோட்புக்கில் போட்டு ஓட்டி, லிங்க் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இந்த நோட்புக் பள்ளிக்கூடத்துக் கொப்பி இல்லை. எங்கேயோ இருக்கிற பெரிய கணினியை நம் வீட்டிலிருந்தே வேலை வாங்குகிற பக்கம். அன்று காலை அதில் ஓட்டினேன். ஒரு முகவரி வந்தது. அழுத்தினேன், திறந்தது. அதையே அனுப்பிவிட்டு, சாமி கும்பிட்டு உட்கார்ந்தேன்.

லேப்டாப்புக்கு இணையம் போனிலிருந்துதான். எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான். அதுவும் போனைக் கீழே வைத்தால் போய்விடும், கையில் உயர்த்திப் பிடித்தால் நிற்கும். அம்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

அழைப்பில் வந்தவர் ஒரு பெண். பேச்சைக் கேட்டவுடனே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் அனுப்பினது எனக்குத் திறக்கேல்லையே" என்றார்.

"எனக்கு வருதுங்க மேடம்" என்றேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி அனுப்பினேன். அவருக்கு வரவில்லை. நோட்புக்கில் பிழை என்று ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறதாம்! எனக்குத்தான் பொறுமை கிடையாதே, சனியனே என்று லேப்டாப்பின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"உங்கட லேப்டாப்பில முதல் ஓட்டினதை நிப்பாட்டிப்போட்டு, இப்ப அழுத்திப் பாருங்கோ."

நிறுத்திவிட்டு அழுத்தினேன். எனக்கும் வரவில்லை! காலையில் திறந்தது லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த பழையது. நோட்புக்கில் ஓட்டியது யாருக்குமே திறக்கவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் பலர் காத்திருப்பார்கள் என்று தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முடியலங்க மேடம். விட்டுருங்க" என்றேன்.

அவர் விடவில்லை. "அழாதேங்கோ. மேடம் வேண்டாம், அக்கா எண்டு சொல்லுங்கோ. இப்ப நான் உங்கட வீட்டுக்கு வாறதெண்டால் எப்பிடி வரவேணும்? சொல்லுங்கோ பாப்பம்."

அம்மாவோ, போனில் பேசுகிறவர் நிஜமாகவே புறப்பட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டார். ஜன்னலிலிருந்தே சத்தம் போட்டார்: "பஸ்ஸ விட்டு எறங்கி சந்தியிலேயே நில்லுங்கம்மா! எட்டாம் லயம்னு கேட்டீங்கன்னா தோட்டத்துக்குள்ளதான் தெரியும், வெளியில யாருக்கும் தெரியாது. புள்ள வந்து கூட்டிட்டு வரும்."

அம்மா சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நான் அனுப்பிய முகவரிக்கு "இதே கணினி" என்றுதான் அர்த்தம். யார் அழுத்தினாலும் அவரவர் கணினிக்குள்ளேயே அது பக்கத்தைத் தேடும். என் பக்கமோ எங்கேயோ ஒரு கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த எட்டாம் லயம்! சந்திக்குப் போய்க் கூட்டி வர ஆளில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்!" என்று கத்தியேவிட்டேன். நோட்புக்கிலிருந்து வெளியே ஒரு பாதை திறந்து, எல்லாரும் வரக்கூடிய லிங்க் ஒன்றைத் தரும் கருவியைப் பற்றி வகுப்பில் படித்திருந்தேன். பிழையாக அடித்து அழித்து மறுபடி அடித்து, புதிய லிங்க்கை அனுப்பினேன். தகரக் கூரையில் மழை கொட்டியது. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அசையாதம்மா!"

"நான் எங்கடி அசையுறேன். மூச்சுகூட மெதுவாத்தான் விடுறேன்."

"வந்திட்டுது!" என்றார் அக்கா. பிறகு ஒவ்வொரு வரைபடமாகப் பார்த்தார். "இவ்வளவு கொழுந்தும் ஆர் எடுத்தது?"

"எங்கம்மாங்க. இந்தா, போன் புடிச்சிட்டு நிக்கிறாங்க."

"அம்மாவைக் கையை இறக்கச் சொல்லுங்கோ. நான் எல்லாம் பாத்திட்டன்" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

அம்மா கையை இறக்கினார். அழைப்பு துண்டித்துப்போனது.

"அடக் கடவுளே, கட்டாயிருச்சே! என்னைக்கு வாறாங்கன்னு கேக்கவே இல்லையே" என்று அம்மா பதறினார். நான் சிரித்தேன், அழுதேன், அம்மாவின் விறைத்துப்போன கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. கொழும்புக்குப் போகவில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுக்கும் இரவுகளில் வெந்நீர் வைத்துக் கொடுக்கப் பக்கத்திலேயே இருக்கிறேன். தைப் பொங்கல் கழிந்த பிறகு அந்த அக்கா நிஜமாகவே வந்தார். பஸ் வர வெகுநேரம் இருக்கும்போதே அம்மா குடையை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார், என்னைக்கூடக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் ஏதாவது ஒரு பக்கம் திறக்காமல் அடம்பிடித்தால், எனக்குக் கோபம் வருவதற்கு முன்பே, ஜன்னலோரம் உயர்ந்து நின்ற அம்மாவின் கையும், அதை இறக்கச் சொன்ன அந்தக் குரலும்தான் நினைவுக்கு வருகின்றன.