அப்பா பெயரையும் சேர்த்து

சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் நாளில், மலேசியாவில் கூலாய் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கட்சி முகவராக உட்கார்ந்திருந்தேன். முகவர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பறை மூலையில், சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார வேண்டும். வாக்குச்சாவடிக் கிராணி, அதாவது எழுத்தர், ஒவ்வொரு வாக்காளரின் எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். எல்லாக் கட்சி முகவர்களும் அதைக் கேட்டு அவரவர் பட்டியலில் கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையடக்கப் பேசியில் எல்லாம் முடிகிற இந்தக் காலத்தில் இதென்ன கூத்து என்று எனக்கு ஒரே அலுப்பு.

அன்று காலை பள்ளி வாசலில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய வயது. பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. கல்யாணத்துக்குப் போகிறவர் வழி மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் இத்தனை காலமும் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான்; பிறந்த மண்ணிலேயே குடியுரிமை இல்லை. இப்போதுதான் குடிமக்களுக்கான நீல ஐசி கையில் கிடைத்திருக்கிறது. இது அவருக்கு முதல் ஓட்டு. அவருடைய அப்பாவோ நீல ஐசிக்கு அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"உள்ள பேரு கூப்புடறப்ப அப்பா பேரையும் சேத்துத்தானே தம்பி கூப்புடுவாங்க?" என்று கேட்டார்.

நம்மவர்களுக்கு ஐசியில் இன்னாரின் மகள் என்று அப்பா பெயரும் சேர்ந்தே இருக்குமே. முழுப் பெயரையும் சத்தமாக வாசிப்பார்கள் அம்மா என்று தைரியமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வெயில் ஏற ஏற வரிசை நீண்டுகொண்டே போனது. அது வயதானவர்கள் ஓட்டுப் போடும் அறை. கைத்தடியும் சக்கர நாற்காலியுமாக வெளியே காத்துக்கிடந்தார்கள். கிராணி ஓர் இளம் மலாய் ஆசிரியர், தங்கமான பிள்ளை. அவர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், எண்ணையும் முதல் பெயரையும் மட்டும் வாசித்து மளமளவென்று அனுப்பத் தொடங்கினார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை.

அப்போது அந்த அம்மா உள்ளே வந்தார். எண்ணை வாசித்தார்கள். அவர் பெயரை வாசித்தார்கள். விரலில் மை வைக்க அடுத்த மேசைக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். அம்மா நகரவே இல்லை. கிராணியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் கை காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லத் திரும்பினார். வாக்காளரிடம் முகவர் பேசக் கூடாது. ஆனால் முழுப் பெயரை வாசியுங்கள் என்று கிராணியிடம் கேட்கலாம். கேட்டேன்.

அவர் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துத் தயங்கினார். என் பக்கத்தில் எதிர்க் கட்சி முகவர், முக்காடு போட்ட, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் நடுவயது மலாய்க்காரப் பெண்மணி ஒருவர். காலையிலிருந்து எனக்கு முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெத்துல், சிக்கு," என்றார். அவர் கேட்பது சரிதான் ஆசிரியரே, முழுசாக வாசியுங்கள் என்று மலாயில் அழுத்தமாகச் சொன்னார்.

ஆசிரியர் வாசித்தார். அப்பா பெயர் கொஞ்சம் நீளம், பாவம், பாதியில் தடுமாறிவிட்டார். அம்மா நிதானமாக அதைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது தடவை அறை முழுக்கக் கேட்கும்படி, பிசகாமல் வாசித்தார்.

"எங்கப்பாதாங்க," என்றார் அம்மா.

தமிழ் தெரியாத அந்த ஆசிரியர் தலையாட்டினார். நானும் மாக்சிக்கும் கோடு போட்டோம். என் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைசி ஆள் வரை எல்லார் பெயரும் முழுதாகத்தான் ஒலித்தது. வெளியே நின்ற வரிசையும் முணுமுணுக்கவில்லை.

அந்தத் தேர்தலில் எங்கள் கட்சி தோற்றது. அந்த வருத்தம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆனால் ஒரு நாடு தன் ஆளை வாய்விட்டுக் கூப்பிடும் அந்த அரை நிமிடத்தை வெறும் சடங்கு என்று இனி என்னால் சொல்ல முடியாது. அதைக் கேட்கத்தான் ஓர் அப்பா ஆயுள் முழுக்க வரிசையில் நின்றிருக்கிறார்.