எஃப் எட்டில் வைத்த சேவ்

மரக்காணத்தில் ஒரு கீபோர்டு ஆறு மாதம் உழைத்தால் அதிகம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும், ஃபேனைத் தின்னும். கடைசியில் என் கன்ட்ரோல் விசையையும் தின்றது. முதலில் இடது பக்கத்து கன்ட்ரோல் போனது. நான் அசரவில்லை, வலது பக்கத்தில் இன்னொன்று இருந்தது. 2004 ஆடி மாதத்தில் அதுவும் போனது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்போது நான் டைப்பிஸ்ட். எனக்குப் பதினாறு வயதில் பார்வை மங்கத் தொடங்கி இருபதுக்குள் முழுசாகப் போய்விட்டது. சென்னையில் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் சிடி ஒன்றோடு ஊர் திரும்பியிருந்தேன். இலவச சிடி. நாற்பது நிமிஷம் பேசும், பிறகு ஊமையாகிவிடும். மறுபடி பேச வேண்டுமென்றால் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டும். தமிழும் அதற்கு வராது. அதனால் இங்கிலீஷ் லெட்டர்கள் மட்டும் என் பங்கு. தமிழ் மனுக்களையெல்லாம் அடித்தவள் பக்கத்து மெஷினில் இருந்த கூனிமேட்டுக்காரி. அவளுக்கும் என் வயதுதான். நான் எதையும் வெடுக்கென்று பேசுவேன், அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பாள். அதனால் ஒத்துப்போனது.

நாற்பது நிமிஷக் கெடு ஒரு பக்கம், சொல்லாமல் போகும் கரண்ட் இன்னொரு பக்கம். ஒரு வரி அடித்ததும் சேவ் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடித்தது கோவிந்தா. சேவ் கொடுக்க கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்த வேண்டும். கன்ட்ரோல்தான் இல்லையே! ஸ்கிரீன் ரீடரின் வாயை மூடுவதற்கும் அதே கன்ட்ரோல்தான். அது செத்த நாளிலிருந்து அந்த இங்கிலீஷ்காரன் வாயே மூடவில்லை.

புதுக் கீபோர்டு கேட்டேன். "வாங்கி இன்னாம்மா பண்றது? அதுவும் துருப்பிடிச்சிதான் போவப் போவுது" என்றார் சென்டர்க்காரர். அவர் பேச்சு கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு எரியும்.

வழி கண்டுபிடித்தவள் கூனிமேட்டுக்காரிதான். வேர்டில் டூல்ஸ் மெனுவுக்குள் கஸ்டமைஸ், அதற்குள் கீபோர்டு என்று ஒரு பட்டன் இருந்தது. எந்த வேலையை எந்த விசையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். கீபோர்டின் மேல்வரிசையில் எஃப் விசைகள் நான்கு நான்காக இருக்கும், நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நாலாவதும் எட்டாவதும் அந்த இடைவெளியை ஒட்டி இருப்பதால் தேடவே வேண்டாம், விரல் தானாகப் போய் நிற்கும். அவள் திரையைப் படிக்க, நான் விசையைத் தடவித் தடவிச் சொல்ல, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். எஃப் நாலில் அன்டூ. எஃப் எட்டில் சேவ்.

"ஏண்டி, எட்டுல ஏற்கெனவே ஏதோ இருக்குது. எக்ஸ்டென்ட் செலக்‌ஷன்னு போட்டிருக்கான்" என்றாள்.

"யாருக்கு வேணும் அது? தூக்கிப் போடு" என்றேன்.

தூக்கிப் போட்டாள்.

அதற்குப் பிறகு என் கை ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வரி, எஃப் எட்டு, ஒரு வரி, எஃப் எட்டு. அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு தொண்டு நிறுவனங்கள் வரிசையாக வந்து இறங்கின. எல்லாருக்கும் இங்கிலீஷில் அறிக்கை வேண்டும். படகு எத்தனை, வலை எத்தனை, உப்பளத்தில் வேலை இழந்தவர் எத்தனை பேர் என்று நாள் முழுக்க அடித்தேன். கண் இருக்கிறவர்கள் மௌஸைத் தேடி முடிப்பதற்குள் நான் ஒரு பாரா முடித்திருப்பேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

ஒரு வருஷம் போனது. வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டின. இங்கிலீஷ் லெட்டர் அடிக்கச் சொல்லி மாடி ஏறி வர ஆளில்லை. "இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா போதும்மா" என்றார் சென்டர்க்காரர். அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று வந்தது. நிரந்தர வேலை. பத்து நிமிஷம் ஒருவர் வாசிக்க வாசிக்க ஒரு கடிதத்தை அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அழைப்பு வந்ததுமே வேலை கிடைத்துவிட்ட மாதிரி நான் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

என் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தாள். அப்பா இல்லை. பாத்தியில் நின்று நின்று அவள் குதிகால் பிளந்து கிடக்கும், பிளந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் உயிர் போகும். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் கால் பிடித்துவிடும்போது என் விரல் பட்ட இடத்தில் அவள் மூச்சை இழுப்பாள், எனக்கு அதுவே போதும். இந்த வேலை கிடைத்தால் அம்மா பாத்தியில் இறங்க வேண்டாம். எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கும் நேரம். அம்மா எனக்கே தெரியாமல் மேஸ்திரியிடம் போய், "இந்த வருஷம் நான் எறங்கல, வேற ஆள பாத்துக்க. எம் பொண்ணு கவர்மென்ட்டு வேலைக்குப் போவப் போவுது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் இடத்தை அன்றைக்கே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"எம் மெஷின்ல கன்ட்ரோல் நல்லாத்தான் இருக்குது. ஒரு வாரம் அதுல ஒக்காந்து பிராக்டிஸ் பண்ணுடி. அங்க உன் விசையெல்லாம் இருக்காது" என்றாள் கூனிமேட்டுக்காரி.

"கன்ட்ரோல் எஸ் எனக்குத் தெரியாதா? சென்னையில அததான் மொதல்ல கத்துக் குடுத்தான். போடி, உன் வேலையப் பாரு."

"ஆமா, நீ பெரிய மகாராணி" என்று விட்டுவிட்டாள்.

பரீட்சை அன்று அவள்தான் கூட வந்தாள். பஸ்ஸில் போகும்போது கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் இசட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். சிடியை அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஏற்ற அனுமதித்தார்கள். அவளே ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். வாசிக்க வந்தவர் வயதானவர், குரல் சன்னம். முதல் வரியை ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார்.

"இது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்குதேம்மா. நான் படிக்கிறது உங்களுக்குக் கேக்கணும்ல? கொஞ்சம் சத்தத்தக் கொறைக்கட்டுமா?"

"ஆஃபே பண்ணிடுங்க சார். எனக்கு விரல் போதும்" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். யாரும் சொல்ல வைக்கவில்லை.

ஸ்பீக்கரை அணைத்தார். கை பறந்தது. ஒன்றிரண்டு எழுத்து தப்பியது, உடனே பேக்ஸ்பேஸ் தட்டிச் சரிசெய்தேன். கடைசி வரிக்கு முந்தைய வரியிலும் ஒரு தப்பு, அதையும் அழித்துவிட்டு, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று முடித்துக் கையை எடுத்தபோது நேரம் மிச்சமிருந்தது. அவர் எழுந்து என் பக்கம் வந்தார்.

"ஸ்பீக்கர் போடட்டுமாம்மா? ஒரு தடவ கேட்டுப் பாக்கறீங்களா?"

"வேணாம் சார். சரியாத்தான் இருக்கும்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. கேட்டுப் பாருங்களேன்."

கண் தெரியாதவள் என்று இரக்கப்படுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கு அந்தக் குரல் ஆகாது. "வேணாம் சார், பிரிண்ட் எடுத்துடுங்க" என்றேன்.

தாளின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். இடம் காட்டுவதற்காக வெளியிலிருந்து கூனிமேட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் என் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். நான் கையெழுத்துப் போட்டேன், நன்றாக, நிறுத்தி, ஒரு எழுத்து விடாமல்.

பஸ் திண்டிவனம் தாண்டும்வரை நான் சொன்னதற்கெல்லாம் அவள் 'ம்' மட்டும் கொட்டினாள். "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று இடித்தேன். அழ ஆரம்பித்தாள்.

"அந்தத் தாள்ல ஒண்ணுமே இல்லடி. யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி மட்டும்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ நீ கையெழுத்துப் போட்டே."

"பொய் சொல்லாத."

"அல்லா மேல சத்தியமாடி."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"பிரிண்ட் எடுத்துட்டாங்க. சொல்லி இன்னா பண்றது? நீ அப்படிச் சிரிச்சிக்கினு கையெழுத்துப் போட்டே, எனக்கு வாய் வரல."

மறுநாள் சென்டரில் அவளுடைய மெஷினில் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று செய்து பார்த்தோம். யாரும் எதையும் மாற்றாத வேர்டில், எஃப் எட்டை ஒரு தடவை அழுத்தினால் தேர்வு செய்யத் தொடங்கிவிடும். இன்னொரு தடவை அழுத்தினால் ஒரு வார்த்தையைப் பிடிக்கும், அடுத்து வாக்கியம், அடுத்து பாரா, அடுத்து மொத்தக் கடிதம். அந்த நிலையில் என்ன அடித்தாலும் ஏறாது. பேக்ஸ்பேஸ் தட்டினால் பிடித்தது அத்தனையும் போய்விடும், அதற்குப் பிறகு அடிப்பதுதான் ஏறும். பஸ் முழுக்க கன்ட்ரோல் எஸ் சொல்லிக்கொண்டு போனவள், அவர் வாசிக்க ஆரம்பித்ததும் வரிக்கு வரி எஃப் எட்டைத்தான் அழுத்தியிருக்கிறேன். ஒன்றரை வருஷப் பழக்கம். நான் வேண்டாமென்று தூக்கிப் போடச் சொன்ன அதே எக்ஸ்டென்ட் செலக்‌ஷன்தான் அங்கே காத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் இருந்திருந்தால் முதல் வரியிலேயே காதில் விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் மாற்றி வைத்த விசைகள் எல்லாம் ஒரே ஒரு சின்னக் கோப்பில் இருக்கின்றன. ஒரு ஃபிளாப்பியில் போட்டு எடுத்துப் போயிருக்கலாம். சிடி இருந்த கைப்பையிலேயே ஒரு ஃபிளாப்பி காலியாகக் கிடந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. தேர்ச்சி பெறவில்லை என்று கூனிமேட்டுக்காரி படித்துச் சொன்னாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கிடைக்கவில்லை என்றேன். ஏன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"கண்ணு தெரியலன்னு தள்ளிட்டானுங்க. இல்ல? நீ நல்லாத்தானே அடிச்சே?"

"நல்லாத்தாம்மா அடிச்சேன்."

அன்று சாயங்காலம் அவள் மேஸ்திரி வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று, "குருட்டுப் புள்ளன்னு தள்ளிட்டானுங்க, நாசமாப் போறவனுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உச்சுக் கொட்டினார்கள். அவனுங்க அப்படித்தான் என்று மேஸ்திரியும் சொன்னார். பழைய இடம் போனது போனதுதான், ரோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி, கடைசிப் பாத்தியில்தான் ஆள் வேண்டும் என்றார். அம்மா சரி என்றாள். பரீட்சையில் வாசித்த மனுஷர் இரண்டு தடவை ஸ்பீக்கர் போடட்டுமா என்று கேட்டார் என்பதை அந்த வாசலில் சொல்லியிருக்கலாம். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த வருஷம் முழுக்க அவள் கடைசிப் பாத்திவரை நடந்து போய்த் திரும்பினாள். சாயங்காலம் காலை நீட்டி உட்காருவாள், நான் தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன். பிளவில் என் விரல் பட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டு, "அவன் நல்லா இருப்பானா? எம் பொண்ணு வயித்துல அடிச்சவன்" என்பாள்.

"ஆமாம்மா" என்பேன்.